எழுத்தாளர் வந்து போன பிறகு

ஒரு பள்ளிக்கோ நூலகத்துக்கோ எழுத்தாளர் ஒருவர் வருகிறார். பதின்பருவத்துப் பிள்ளைகள் முன் தம் நாவலின் சில பக்கங்களை வாசிக்கிறார். கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். அரை மணி நேரம் அவர்களை எழுதச் சொல்கிறார். புத்தகங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்புகிறார். அதன் பிறகு என்ன நடக்கிறது? பல நாடுகளில் அரசுகளும் அறக்கட்டளைகளும் பதிப்பகங்களும் இத்தகைய நிகழ்ச்சிகளுக்குச் செலவு செய்கின்றன. இவற்றால் நன்மை உண்டு என்பதை மறுப்பவர் குறைவு. என்ன நன்மை, எப்படி, யாருக்கு என்று கேட்டால்தான் கருத்துகள் பிரிகின்றன.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எழுத்தாளரைக் காண்பதும் கேட்பதும் ஒருவரை வாசகராக்குமா என்பது ஒன்று. எழுத்தை இளையோருக்குக் கற்றுத்தர முடியுமா, தடுக்காமல் இருந்தாலே போதுமா என்பது மற்றது. இரண்டாவதைப் பற்றி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக வாதம் நடக்கிறது. சுதந்திரமா பயிற்சியா என்பதிலேயே அதன் பெரும்பகுதி செலவாகிவிட்டது. பிள்ளைகள் எழுதியதை யார் வாசிக்கிறார்கள் என்ற விஷயம் எல்லாத் தரப்பிலும் தலைகாட்டுகிறது; ஆனாலும் அது தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்ளப்பட்டது குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு பழைய விடைகளைப் பார்க்கிறது.

மேடையில் எழுத்தாளர்

நூலை அவையில் படிப்பது தமிழுக்குப் புதிதல்ல. அரங்கேற்றத்தில் புலவர் படித்துப் பொருள் சொல்ல, அவையோர் தடை எழுப்புவார்கள். அங்கே சோதனைக்கு உள்ளானது நூல். இன்றைய எழுத்தாளர் சந்திப்பின் முன்னோடி வேறு வகையானது. சார்லஸ் டிக்கன்ஸ் 1853இல் பர்மிங்காமில் அறச்செயலுக்கு நிதி திரட்ட 'கிறிஸ்துமஸ் கரோல்' கதையை வாசித்தார். 1858 முதல் 1870 வரை அதைத் தொழிலாகவே கொண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்றார். எழுதியவரின் குரலிலேயே கதையைக் கேட்பதற்காகக் கூட்டம் வந்தது.

இளையோருக்கென்று இது திரும்பியதில் அமெரிக்கப் பொது நூலகங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பால்டிமோர் நகரின் ஈனாக் பிராட் நூலகத்தில் 1930கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் பணியாற்றிய மார்கரெட் எட்வர்ட்ஸ், பள்ளிகளுக்குப் போய்ப் புத்தகங்களைப் பற்றிச் சுவையாகப் பேசும் முறையை வளர்த்தார். குதிரை வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு குடியிருப்புகளுக்கும் போனார். அலமாரிக்கும் இளைஞருக்கும் நடுவே ஒரு மனிதர் நிற்க வேண்டும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்த இடத்தில் பின்னாளில் எழுத்தாளரே வந்து நின்றார்.

அதற்குத் தோதான இலக்கியமும் அப்போது பிறந்தது. 1967இல் வெளியான 'தி அவுட்சைடர்ஸ்' நாவலை எஸ். இ. ஹின்டன் எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது பதினைந்து. வால்டர் டீன் மையர்ஸின் 'மான்ஸ்டர்' (1999) கொலை வழக்கில் சிக்கிய பதினாறு வயதுச் சிறுவனின் கதை. இளையோர் நூல்களுக்கான பிரின்ட்ஸ் விருதை 2000இல் முதன்முதலாகப் பெற்ற நூலும் அதுதான். மையர்ஸ் பள்ளிப் படிப்பை நடுவில் விட்டு, பதினேழு வயதில் ராணுவத்தில் சேர்ந்தவர். இளம் குற்றவாளிகளை அடைத்துவைக்கும் இல்லங்களுக்குத் தேடிப்போய்ப் பேசியவர். அங்கிருந்த பிள்ளைகளுக்கு அவர் பேச்சைவிட அவர் வாழ்க்கையே பெரிய செய்தியாக இருந்திருக்கும். பிள்ளைகள் தங்கள் முகத்தை நூலில் காண வேண்டும், பிறர் வாழ்வையும் நூல் வழியே காண வேண்டும் என்று ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் முன்வைத்த கருத்து, இத்தகைய சந்திப்புகளுக்கு ஒரு கொள்கை அடிப்படையைத் தந்தது.

இந்தத் தரப்பின் பலவீனம் சான்றில் இருக்கிறது. எழுத்தாளரைச் சந்தித்த பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கூடுதல் விருப்பம் காட்டுவதாகப் பிரிட்டனின் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை கருத்துக்கணிப்புகளில் பதிவு செய்திருக்கிறது. ஆனால் எழுத்தாளரை அழைக்க மனமும் வசதியும் உள்ள பள்ளி, ஏற்கெனவே நூலகத்தைப் பேணும் பள்ளியாகவும் இருக்கலாம். சந்திப்பால் விருப்பம் வந்ததா, விருப்பம் உள்ள இடத்துக்குச் சந்திப்பு வந்ததா என்பதைக் கணிப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அமெரிக்காவின் இளையோர் இலக்கியத் தேசியத் தூதராக 2020 முதல் 2022 வரை இருந்த எழுத்தாளர் ஜேசன் ரெனால்ட்ஸ், சிற்றூர்ப் பிள்ளைகளைத் தங்கள் கதையைத் தாங்களே சொல்லவைப்பதைத் தம் பணியின் மையமாக்கினார். மேடைப் பேச்சுக்கு ஓர் எல்லை இருக்கிறது என்பதை மேடையில் வெற்றிபெற்ற ஒருவரே ஒப்புக்கொண்டதாக இதைக் கொள்ளலாம்.

குறுக்கே நிற்காதே என்றவர்கள்

லேவ் தல்ஸ்தோய் 1859இல் யாஸ்னயா பல்யானாவில் குடியானவப் பிள்ளைகளுக்காகப் பள்ளி நடத்தினார். எழுதக் கற்பது யார், யாரிடமிருந்து என்று தலைப்பிலேயே கேட்கும் கட்டுரையை 1862இல் வெளியிட்டார். பழமொழி ஒன்றை எடுத்துக் கதையாக்கச் சொன்னபோது பிள்ளைகள் தயங்கினார்கள். அவரே ஒரு பக்கம் எழுதிக் காட்டினார். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு திருத்தம் சொன்னார்கள். மெல்ல மெல்லக் கதையைத் தங்கள் கைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஃபெத்கா, செம்கா என்று அவர் குறிப்பிடும் இரு சிறுவர்கள் இரவு வரை கூடவே இருந்தார்கள். எந்தச் சிறு விவரம் வேண்டும், எது வேண்டாம் என்று ஃபெத்கா தேர்ந்தெடுத்த விதம் அந்தப் பெரிய எழுத்தாளரைத் திகைக்க வைத்தது. குழந்தையிடம் கலைத்திறன் முழுமையாகவே இருக்கிறது, கல்வி அதைக் கெடுக்காமல் விட்டாலே போதும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

இந்தக் கட்டுரையைச் சுதந்திர எழுத்தை வலியுறுத்துவோர் தலைமுறை தலைமுறையாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அவர் எழுதியிருப்பதை நிதானமாகப் படித்தால் வேறொன்றும் தெரிகிறது. கதைக்கான வித்தைக் கொடுத்தவர் அவர். முதல் பக்கத்தை எழுதியவர் அவர். பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவரும், எந்த வாக்கியம் சிறந்தது என்று உடனுக்குடன் பாராட்டியவரும் அவர்தான். இதைக் கற்பிக்காமல் விட்டதாகச் சொல்ல முடியாது. ஆழ்ந்து கேட்கும் ஒரு வாசகர் அந்த அறையில் இருந்தார். பிள்ளைகள் அவருக்காக எழுதினார்கள். தல்ஸ்தோய் தம் முடிவில் தம் பங்கைக் கணக்கில் சேர்க்கவில்லை என்றே தோன்றுகிறது.

நியூயார்க்கின் லிங்கன் பள்ளியில் ஹியூஸ் மேர்ன்ஸ் உயர்நிலை மாணவர்களிடம் இதே நம்பிக்கையோடு பணியாற்றி 1925இல் 'கிரியேட்டிவ் யூத்' என்ற நூலைத் தந்தார். பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சோதனைப் பள்ளி அது. அங்கே நடந்தது எல்லா இடத்திலும் நடக்கும் என்று கொள்வது கடினம்.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்ற ஆசிரியர் நின்ற இடம் முற்றிலும் வேறு. தெற்கே பார்-சூர்-லூப் என்ற சிற்றூரின் ஏழைப் பள்ளி. முதல் உலகப் போரில் நுரையீரலில் காயம்பட்டவர். நெடுநேரம் உரக்கப் பேசிப் பாடம் நடத்த அவரால் இயலவில்லை. 1924இல் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்புக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகள் விரும்பியதை எழுதினார்கள். வகுப்பு கூடி வாக்களித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தது. எல்லாரும் சேர்ந்து திருத்தினார்கள். எழுத்துக் கோத்து அச்சிட்டார்கள். நாட்டின் மறுகோடியில் பிரிட்டனி கடற்கரையில் இருந்த ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தும் தாள்கள் வந்தன. தன் ஊரைக் கண்டிராத ஒரு பிள்ளை படிக்கப்போகிறது என்று தெரிந்த பிறகு, தெளிவாக எழுத வேண்டிய அவசியத்தை ஆசிரியர் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சுதந்திரம், பயிற்சி, வாசகர் மூன்றும் ஒரே வேலைக்குள் அடங்கிய இந்த முறையை, இந்த விவாதத்தில் வந்த விடைகளிலேயே செறிவானதாக நான் கருதுகிறேன். அது பரவியபோதும் பல இடங்களில் அச்சுப்பொறியின் கவர்ச்சி மட்டும் எஞ்சியது. கடிதப் போக்குவரத்தின் தொடர்ச்சியைக் காப்பது ஆசிரியரின் தனி உழைப்பையே நம்பியிருந்தது.

விதி கொடுத்து விளையாடியவர்கள்

1972 மார்ச்சில் இத்தாலியின் ரெஜ்ஜோ எமீலியாவில் ஏறக்குறைய ஐம்பது ஆசிரியர்கள் கூடிய அமர்வுகளில் சிறுவர் எழுத்தாளர் ஜான்னி ரொதாரி தம் முறைகளை விளக்கினார். அடுத்த ஆண்டு அது 'கற்பனையின் இலக்கணம்' என்ற பொருள்படும் தலைப்பில் நூலானது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சொற்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கதை பிறக்கும் என்றார். நாய், அலமாரி என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. நியூயார்க்கின் ஒரு பொதுப்பள்ளியில் கவிஞர் கென்னத் கோக், எல்லா வரியும் ஒரே சொற்றொடரில் தொடங்க வேண்டும் என்பது போன்ற எளிய விதிகளைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கவிதை எழுத வைத்தார். அவருடைய நூல் 1970இல் வந்தது. பிபிசி பள்ளி வானொலிக்காகத் தாம் ஆற்றிய உரைகளை 1967இல் நூலாக்கிய கவிஞர் டெட் ஹியூஸ், ஒரே பொருளில் மனத்தை ஊன்றச் சொன்னார்; குறுகிய நேரக் கெடுவுக்குள் எழுதுவது தயக்கத்தை உடைக்கும் என்றார்.

இவை தமிழ்க் காதுக்கு அந்நியமாகப் படாது. ஈற்றடி கொடுத்து வெண்பா பாடச் சொல்வது நம் புலவர் மரபின் பழைய பயிற்சி. எட்டயபுரத்தில் சிறுவன் சுப்பையா அப்படியொரு சவாலைச் சமாளித்த கதை பாரதியின் வரலாற்றோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. விதி கையைக் கட்டும்போதே வேறு வழியைத் திறக்கிறது என்ற அறிவு இரு மரபுகளுக்கும் பொது. வேறுபாடு, நம் மரபில் விதியை ஏற்பதற்கு முன் நெடுங்காலப் பாடம் தேவைப்பட்டது. ரொதாரியும் கென்னத் கோக்கும் முதல் நாளே விதியைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள்.

எதிர்ப்பும் அங்கிருந்துதான் வந்தது. சிறுவர் கவிஞர் மைரா கான் லிவிங்ஸ்டன் 1984இல் எழுதிய நூலில், பிள்ளைகளைக் கவிஞர்கள் என்று அவசரமாகப் புகழ்வதைக் கடுமையாகக் கேள்விக்கு உட்படுத்தினார். வாய்ப்பாட்டில் வந்த வரியைக் கவிதை என்று சொல்லிவிட்டால், அடுத்த படிக்கு ஏறப் பிள்ளைக்குக் காரணம் இருக்காது என்பது அவர் வாதத்தின் சாரம். எழுத்தாளர் வந்து நடத்தும் பட்டறைகளில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல் என்று எண்ண இடமிருக்கிறது. ஒரு மணி நேரத்தில் விளைச்சலைக் காட்ட விளையாட்டு உதவும், திருத்தி எழுதுவதற்கோ நேரம் இருப்பதில்லை.

பட்டறையும் அதன் மீதான வழக்கும்

எழுத்தாளர் எப்படி வேலை செய்கிறாரோ அப்படியே வகுப்பறையும் இயங்க வேண்டும் என்ற பட்டறை முறை 1970களில் அமெரிக்காவில் வலுப்பெற்றது. டொனால்டு மரே, டொனால்டு கிரேவ்ஸ், நான்சி அட்வெல் ஆகியோர் இதன் முன்னணிப் பெயர்கள். பிள்ளையே பொருளைத் தேர்ந்தெடுக்கும், வரைவு எழுதும், ஆசிரியரோடு அமர்ந்து பேசும், திருத்தும், வகுப்புக்குப் படித்துக் காட்டும். தவறுகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு மதிப்பெண் போடுவதே எழுத்துப் பாடம் என்றிருந்த நிலையில் இது பெரிய விடுதலை.

வழக்கு உள்ளிருந்தே வந்தது. லிசா டெல்பிட் என்ற கறுப்பினக் கல்வியாளர் 1986இலும் 1988இலும் ஹார்வர்டு கல்வி ஆய்விதழில் எழுதிய இரு கட்டுரைகள் முற்போக்கு ஆசிரியர்களை உலுக்கின. அதிகாரத்துக்கென்று ஒரு மொழியும் அதற்கு விதிகளும் இருக்கின்றன. நடுத்தர வர்க்க வெள்ளையர் வீட்டுப் பிள்ளை அவற்றை வீட்டிலேயே கற்றுவிடுகிறது. அந்த விதிகளை வெளிப்படையாகச் சொல்லித்தராமல் உன் குரலில் எழுது என்று மட்டும் சொன்னால், வீட்டில் அவை கிடைக்காத பிள்ளை வாசலிலேயே நிற்கும் என்றார். அவர் கேட்டது பழைய இலக்கணப் பயிற்சிக்குத் திரும்புவதை அல்ல. பிள்ளையின் மொழியை மதித்துக்கொண்டே அதிகார மொழியின் கட்டமைப்பையும் திறந்து காட்டுவதை. ஏறக்குறைய அதே காலத்தில் சிட்னியில் ஜே. ஆர். மார்ட்டினும் ஜோன் ராதரியும், பள்ளிகளில் பிள்ளைகள் நடந்ததைச் சொல்லும் எழுத்தையே பெரும்பாலும் எழுதுகிறார்கள், விளக்கவும் வாதிடவும் வேண்டிய எழுத்து வகைகள் அவர்களுக்குக் கற்றுத்தரப்படுவதில்லை என்று காட்டினார்கள்.

இந்த மறுப்பு வலுவானது. அதன் பலவீனம் நடைமுறையில் வெளிப்பட்டது: எழுத்து வகைகளைத் திறந்து காட்டும் முறை, தேர்வுகளின் கையில் சிக்கியதும் நிரப்ப வேண்டிய படிவமாக எளிதில் சுருங்கிவிடுகிறது.

எண்கள் எதுவரை

ஜார்ஜ் ஹிலக்ஸ் 1986இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பிள்ளைகளைத் தாமே எழுதவிட்டு ஊக்கம் தரும் முறையைவிட, தெளிவான இலக்கும் சவாலான பணியும் சக மாணவர் கலந்துரையாடலும் உள்ள முறை கூடுதல் பலன் தந்ததாகக் கண்டார். ஸ்டீவ் கிரஹாமும் டோலரஸ் பெரினும் 2007இல் 4 முதல் 12ஆம் வகுப்பு வரையான ஆய்வுகளைத் தொகுத்தார்கள். எண் பெரிதானால் பலன் கூடுதல் என்று கொள்ளும் அளவீட்டில், திட்டமிடவும் திருத்தவும் உத்திகளை நேரடியாகக் கற்பித்ததன் விளைவு 0.82, கூடி எழுதியதன் விளைவு 0.75, பட்டறை முறையின் விளைவு 0.32. பட்டறை முறையிலும், ஆசிரியர்களுக்கு முறையான பயிற்சி கிடைத்த இடங்களிலேயே பலன் தென்பட்டது. தனித்து நடத்திய இலக்கணப் பாடத்தின் விளைவு எதிர்மறையாக இருந்தது.

பயிற்சித் தரப்புக்கு இது வெற்றி போலத் தோன்றலாம். ஆனால் இந்த ஆய்வுகள் அளந்தது எழுதப்பட்ட தாளின் தரத்தை. யாரும் கேட்காதபோதும் எழுதும் ஆசை அந்தப் பிள்ளைக்கு வந்ததா என்பதை அவை அளக்கவில்லை. எழுத்தாளர் சந்திப்புகளை நடத்துவோர் தாங்கள் தருவதாகச் சொல்வதோ அந்த ஆசையைத்தான். இரு தரப்பும் வெவ்வேறு பொருளை அளந்துகொண்டு ஒன்றையொன்று மறுக்கின்றன.

பள்ளிக்கு வெளியே

1960களின் இறுதியில் கவிஞர் ஜூன் ஜோர்டன், புரூக்ளினில் கறுப்பினப் பிள்ளைகளுக்கும் புவேர்ட்டோ ரிக்கோ பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை தோறும் எழுத்துப் பட்டறை நடத்தினார். டெர்ரி புஷ்ஷோடு சேர்ந்து அவர் தொகுத்த பிள்ளைகளின் எழுத்து 1970இல் பொதுப் பதிப்பகம் வழியே நூலாக வந்தது. பிள்ளைகளின் எழுத்தைப் பள்ளி ஆண்டு மலருக்குள் அடைக்காமல், கடையில் வாங்கிப் படிக்கும் நூலாக்கியது முக்கியமான அடி. சான் பிரான்சிஸ்கோவில் 2002இல் டேவ் எகர்ஸும் நினிவே கலேகாரியும் தொடங்கிய 826 வாலென்சியா, டப்ளினில் 2009இல் ராடி டாய்லும் ஷான் லவ்வும் தொடங்கிய ஃபைட்டிங் வேர்ட்ஸ் போன்ற மையங்கள் கட்டணமின்றி இயங்குகின்றன. பிள்ளைகளின் எழுத்தை அழகாக அச்சிடுகின்றன. தன்னார்வலர் ஒருவர் ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து அதன் பக்கத்தை முழுமையாகப் படிக்கிறார். 1996இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான யூத் ஸ்பீக்ஸ், அச்சைத் தவிர்த்து மேடையில் கவிதை சொல்லும் வழியைத் திறந்தது. அங்கே வாசகர் கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் நடுவர் மதிப்பெண் தரும் போட்டியாகும்போது, தன் காயத்தையே காட்சிப்பொருளாக்க வேண்டிய அழுத்தம் இளையோர் மீது விழக்கூடும்.

இவற்றுக்குப் பொதுவான குறை எளிதில் புரிவது: மையம் இருக்கும் தெருவில் வாழும் பிள்ளைக்கு இது கிடைக்கிறது, அடுத்த ஊர்ப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை.

தமிழில் இந்தக் கேள்வி

அழ. வள்ளியப்பா முன்னின்று 1950இல் உருவாக்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் தமிழில் இத்துறைக்கு ஓர் அமைப்பைத் தந்தது. 'கண்ணன்', 'கோகுலம்' போன்ற இதழ்களும் 1980களின் இறுதியிலிருந்து வரும் 'துளிர்' அறிவியல் இதழும் வாசகர் வட்டத்தை வளர்த்தன. 2021இல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தோன்றியது. 2022இல் பள்ளிக் கல்வித்துறை 4, 5ஆம் வகுப்புகளுக்கு 'ஊஞ்சல்', 6 முதல் 9 வரை 'தேன்சிட்டு' என்று இதழ்களைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாநிலம் தழுவிய வாசகர் கூட்டத்தை இப்படி ஏற்படுத்தியது துணிச்சலான செயல். ஃப்ரெனே ஒரு வகுப்பில் செய்ததை நினைவூட்டும் செயல்.

ஆனால் டெல்பிட் எழுப்பிய கேள்வி இங்கே இன்னும் கூர்மையாக நிற்கிறது. தமிழ்ப் பிள்ளைக்குப் பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் வேறு வேறு. வீட்டில் செய்தித்தாளோ கதைப் புத்தகமோ இல்லாத பிள்ளைக்கு எழுத்துத் தமிழ் பாடநூலில் மட்டுமே அறிமுகமாகிறது. முன்னுரை, முடிவுரை என்று உட்தலைப்பிட்டு மதிப்பெண் வாங்கும் கட்டுரை முறை, எழுதுவது என்றாலே யாரோ ஏற்கெனவே எழுதியதைத் திரும்ப எழுதுவது என்ற எண்ணத்தை வளர்க்கிறது. கி. ராஜநாராயணன் கரிசல் பேச்சை இலக்கியமாக்கி, அதற்கொரு சொல்லகராதியும் தொகுத்துத் தந்தார். அந்த வழி பெரியவர்களின் இலக்கியத்தில் நன்றாகவே திறந்துவிட்டது. பள்ளிப் பிள்ளையின் விடைத்தாள் வரை வந்து சேரவில்லை. பட்டறைக்கு வரும் எழுத்தாளர் உன் பேச்சிலேயே எழுது என்கிறார். மறுநாள் வகுப்பில் அதே வாக்கியம் கொச்சை என்று அடிக்கப்படலாம். இரண்டையும் எப்போது, எதற்கு என்று பிள்ளைக்குச் சொல்லித்தரும் பொறுப்பு இருவருக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது.

வயது இன்னொரு சிக்கல். சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது 9 முதல் 16 வயது வரையானவர்களுக்கான எழுத்தை ஒரே வகையாகக் கொள்கிறது. ஒன்பது வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடையே இருக்கும் தூரம் பெரிது. காதல், சாதி, உடல், வீட்டுச் சண்டை, தேர்வு அச்சம் இவற்றைப் பதினாறு வயதுக்காரரிடம் நேராகப் பேசும் தமிழ் நாவல்கள் சொற்பம். எழுத்தாளர் சந்திப்பு நடத்த விரும்பும் பள்ளி, எந்த நூலை முன்வைத்து நடத்துவது என்ற இடத்திலேயே தடுக்கி நிற்கிறது.

தீராமல் இருப்பவை

ஒரே ஒரு வருகை தானாகப் பெரிதாக எதையும் மாற்றும் என்பதற்கான சான்று மெலிந்தது. வருகைக்கு முன் நூலை வாசித்திருப்பதும், பின்னர் எழுத்தைத் தொடர்ந்து ஒருவர் படித்துப் பதில் தருவதும் சேர்ந்தால் நிலை மாறக்கூடும் என்பது நியாயமான ஊகம். சுதந்திரத்தையும் பயிற்சியையும் எதிரெதிராக நிறுத்தியது, இதுவரை பார்த்த அனுபவங்களோடு பொருந்தவில்லை. யாஸ்னயா பல்யானாவிலும் பார்-சூர்-லூப்பிலும் புரூக்ளினிலும் இரண்டும் கலந்தே இருந்தன. அங்கே வேலை செய்தது வாசகரா, தல்ஸ்தோய், ஃப்ரெனே, ஜோர்டன் போன்ற அபூர்வ மனிதர்களா என்பதைப் பிரித்தறிவது கடினம். வாசகர்தான் என்றால் அதைப் பரவலாக்கலாம். மனிதர்தான் என்றால் அது ஆசிரியர்களையும் எழுத்தாளர்களையும் எப்படி உருவாக்குவது என்ற வேறு கேள்வியாகிவிடும்.

தமிழ்நாட்டில் இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு கையிலேயே இருக்கிறது. மாணவர் இதழ்கள் ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிடுகின்றன. அடுத்த மூன்று ஆண்டுகள் பொதுத்தேர்வின் பிடியில் போகின்றன. 'தேன்சிட்டு'க்கு எழுதிய மாணவர் பதினைந்து வயதுக்குப் பின் எங்கே எழுதுகிறார், யாருக்காக எழுதுகிறார், எழுதுகிறாரா என்று தேடிப் பார்ப்பது பெரும் செலவு பிடிக்கும் ஆய்வல்ல. இதழின் பழைய பிரதிகளிலிருந்தே அதைத் தொடங்கலாம்.